முதலில் போட்ட ஊசி

இன்றைக்குக் காலையில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி வெள்ளை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வந்தாள். வெறிநாய்த் தடுப்பூசிதான். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஊசி. மருந்தை ஏற்றி, குட்டியின் தோலைத் தூக்கிப் பிடித்த பிறகு கை நின்றுவிட்டது. "இது வெளிநாடு எங்கனா போவப் போவுதா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எங்க மேடம் போவும்? எங்க தெருமுனையே தாண்டல" என்றாள். போட்டு அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். குட்டிக்குப் பூசியிருந்த பவுடர் வாசனை கையிலேயே இருந்தது. உன்னுடைய நாய்கள் இரண்டும் இப்படித்தான் மணக்கும்.

ஆறாம் வகுப்பிலிருந்து நீயும் நானும் ஒரே பெஞ்சு. நான் கால்நடை ஆய்வாளராகி ஊர் வாயில் ஊசிக்காரம்மா ஆனேன். நீ பெருநகர் கிராமத்தில் நெல்லும், நம் வாயில் கல்லக்கா என்று வரும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டு, புருஷன் போன பிறகும் தனி ஆளாக நிலத்தைக் கட்டி மேய்த்தாய். உன் மகள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது, சென்னையில் ஆசையாக வாங்கி வளர்த்த லட்டு, பூந்தி என்ற இரண்டு பொமரேனியன்களை உன் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டவே நேரமில்ல. இதுங்களுக்குத் தல வாரிக்கினு குந்தச் சொல்றா" என்று அவளைத் திட்டியவள் நீ. ஆறு வருஷம் கழித்து, "லீவு போடறேன், ஒரு மாசம் வந்து சுத்திப் பாத்துட்டுப் போம்மா" என்று அவள் கூப்பிட்டபோது, லட்டுவும் பூந்தியும் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தவளும் நீதான்.

விமானத்தில் பயப்படாமல் இருக்க வேண்டுமே என்று நீ நடத்திய ஒத்திகையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிளாஸ்டிக் கூண்டு ஒன்று வாங்கி, இரண்டையும் உள்ளே வைத்து, வாரம் இரண்டு முறை பெருநகரிலிருந்து உத்திரமேரூருக்கு பஸ் ஏறுவாய். ஒருநாள் நானும் கூட வந்தேன். முன் சீட்டுக் கிழவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "முயலாம்மா? ஜோடி இன்னா விலை?" என்றார். "விக்கறதுக்கில்ல பெரியவரே. ஜெர்மனி போவுதுங்க" என்றாய் நீ, முகம் மாறாமல். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கே போனாலும் லக்கேஜ் டிக்கெட் உண்டு என்றார்.

ஊசி போட வந்த அன்று டாக்டர் லீவு. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். நான்தான் பெரிய இவள் மாதிரி, "நாய்க்கு ஊசி போடறதுக்கு எதுக்குடி டாக்டரு? இங்க குடு" என்றேன். நீ லட்டுவை மேஜைமேல் வைத்து, ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாய். "சரியா தெரியுமா ஒனக்கு?" என்றாய். "இன்னாடி இப்பிடி கேட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கழுத்தில் அடையாளச் சிப் வைத்தோம். நாய்களை விமானத்தில் அனுப்ப ஏற்பாடு செய்கிறவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சிப் வைத்த பிறகு போட்ட ஊசிதான் செல்லுமாம். மறுபடி ஊசி, ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை, அதற்கப்புறம் மூன்று மாதம் காத்திருப்பு. மாடும் ஆடும் பார்த்த எனக்கு இந்த வரிசையெல்லாம் எங்கே தெரியும்? தெரியாது என்று சொல்ல வாய்தான் வரவில்லை.

நீ என்னைக் கிழிகிழி என்று கிழிப்பாய் என்றிருந்தேன். நீயோ வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாய். "வுடுடி. கல்லக்கா புடுங்கிட்டே போவலாம்" என்றாய். உன் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிச்சல் இருந்தது. என் மனசு நோகக் கூடாதென்று அப்படி இருக்கிறாய் என்று நினைத்தேன்.

காத்திருப்பு முடிய இருபது நாள் இருந்தபோது நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். மகள் ஓடி வந்தாள். நாய்களின் காகிதங்களை அவள் பேருக்கு மாற்ற வேண்டும் என்று உன் ஃபைலை என்னிடம் கொடுத்தாள். அதில் அவள் முன்பே தமிழில் எழுதி அனுப்பியிருந்த குறிப்பு இருந்தது. முதல் வரியிலேயே, ஊசிக்கு முன்னால் சிப் என்று இருக்கிறது. அதன் கீழே இரண்டு கோடு. பக்கத்தில் உன் கோணல் எழுத்தில், "முதல்ல இது."

எப்போதடி எழுதினாய் இதை? நான் ஊசி போடுவதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால், தெரிந்தேதான் லட்டுவை என் கையில் கொடுத்தாயா? போக மனசில்லாமல், மகளிடம் சொல்லவும் முடியாமல், என் அவசரத்தை ஒரு சாக்காக்கிக்கொண்டாயா? அப்படியானால் இரண்டாவது ஊசி போட்ட வாரமே காஞ்சிபுரம் போய் உனக்கு ஒரு ஸ்வெட்டரும் அதுகளுக்கு இரண்டும் எதற்கு வாங்கினாய்? ஒருவேளை என் பேச்சை நம்பி, காகிதத்தை மறந்துவிட்டாயோ. இல்லை, எல்லாம் முடிந்த பிறகு உன் தலையிலேயே அடித்துக்கொண்டு கோடு போட்டாயோ. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒன்று இடிக்கிறது. சில நாள் உன்மேல் அப்படிக் கோபம் வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூந்தி அவள் மடியில். "சித்தி, உண்மைய சொல்லுங்க. அம்மாவுக்கு எங்கிட்ட வர இஷ்டமே இல்லியா? ஆறு வருஷமா நான் ஊருக்கு வரலன்னு கோவமா?" என்றாள். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தக் குறிப்பில் நீ எழுதியிருந்ததை அவள் இன்னும் கவனித்திருக்கவில்லை. நீ இருந்திருந்தால் உன்னைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"துடிச்சிக்கினு கெடந்தா உங்கம்மா. நான்தான் சிப்புக்கு முன்னாடியே ஊசியப் போட்டுக் கெடுத்தேன். இல்லன்னா ரெண்டு மாசம் முன்னாடியே அங்க வந்திருப்பா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. பூந்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கிளம்பும்போது லட்டுவையும் பூந்தியையும் காரில் ஏற்றிவிட்டது நான்தான். என்னிடம் அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதன் பிறகு போன் எடுப்பதில்லை. அவள் வைக்கிற ஸ்டேட்டஸில் மட்டும் பார்க்கிறேன். ஏதோ ஏரிக்கரையில் இரண்டும் ஓடுகின்றன. நன்றாகத்தான் இருக்கின்றன.

நீ போக நினைத்திருந்தால் அவள் கோபம் எனக்குத் தகும். நினைக்கவில்லை என்றால், உனக்காக நான் சுமக்கிறேன். எதுவென்று தெரியாமலேதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு போன் போட்டுப் பார்க்கிறேன்.