கெம்பியின் பங்கு

நெல்லமக்கி
8 செப்டம்பர் 1964

தங்கை போஜம்மாவுக்கு, அண்ணன் மேதப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். எருமை கன்று போட்டிருக்கிறது. மழை இன்னும் விடவில்லை. காப்பிச் செடிகளில் பாதி அழுகிவிடும் போலத் தெரிகிறது.

உன் கடிதம் கைல்போது பண்டிகை அன்று காலை வந்தது. துப்பாக்கிகளைத் துடைத்து, குழல் முனையில் காந்தள் பூ செருகி, தூக்கு விளக்கின் கீழே வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம். நாணய்யாவுக்கு டிசம்பர் 14 கல்யாணம் என்றும், தாய்மாமன் முறைக்கு நான் வந்து வாசலில் நட்ட மூன்று வாழையை வெட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அதே துப்பாக்கிகளின் முன்னால் நின்றுகொண்டுதான் படித்தேன். சிரிப்பு வந்தது.

உன் வீட்டு வாசல்படிக்கு மேலே ஒரு பன்றித் தாடை தொங்குகிறதே, கோரைப் பற்களோடு, அது யாருடையது? 1938-இல் கரிமொட்டெக் காட்டில் நானும் உன் புருஷன் உத்தய்யாவும் ஒரே நேரத்தில் சுட்டோம். பன்றியின் காதுக்குப் பின்னால் ஓட்டை ஒன்றுதான். அது என் குண்டு. என் கைக்குத் தெரியும். உன் புருஷன் தன்னுடையது என்றான். வேட்டைக்குத் தலைவராக வந்த பெள்ளியப்பா அவன் பக்கம் பேசினார், தலை உன் வீட்டுக்குப் போனது.

சுட்டவனுக்குத் தலையும் ஒரு பின்தொடையும், போன ஆளுக்கெல்லாம் ஒரு பங்கு, போன நாய்க்கெல்லாம் ஒரு பங்கு. இதுதான் நம் வழக்கம். நாயின் பங்குகூட அதன் சொந்தக்காரன் வீட்டுக்குத் தப்பாமல் போய்ச் சேரும் ஊரில் என் பங்கு மட்டும் சேரவில்லை. அன்றிலிருந்து உன் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. இப்போது வந்து, அந்தத் தாடைக்குக் கீழே குனிந்து நுழைந்து, உன் மகனுக்கு வாழை வெட்ட வேண்டுமா?

வருகிறேன். தாடையை இறக்கி என் கையில் கொடுக்கச் சொல். கல்யாணத்துக்கு வந்தவர்கள் முன்னால் "இது மேதப்பா சுட்டது" என்று உன் புருஷன் தன் வாயால் சொல்லட்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மேதப்பா


தோரங்காலா
20 செப்டம்பர் 1964

அன்புள்ள அண்ணாவுக்கு, போஜம்மா வணங்கி எழுதுவது.

நாணய்யா காய்ச்சலில் படுத்திருந்தான், இப்போது தேவலை. பெண் வீட்டார் வந்து அரிசி, நகை எல்லாம் பேசி முடித்துப் போனார்கள். பெண் கலகலப்பாகப் பேசுகிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "உங்கண்ணனுக்குத் தலைதானே வேணும்? என் தலைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. அதுல பல்லு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்" என்றார். பிறகு வேடிக்கையை விட்டுவிட்டு, "போஜி, நான் பொய் சொல்லல. நான்தான் சுட்டேன். இன்னைக்கும் துப்பாக்கியத் தொட்டுச் சொல்லுவேன்" என்றார். இருபத்தெட்டு வருஷமாக இவரோடு வாழ்கிறேன். இவர் அதை மனதார நம்புகிறார். நம்புகிற ஒன்றைப் பொய் என்று சபையில் எப்படிச் சொல்வார்?

நாணய்யாவுக்கு நீங்கள் ஒரே மாமா. மாமன் கை வைக்காத வாழையைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். பெண் வீட்டார் இப்போதே கேட்கிறார்கள். தாடையைப் பற்றிக் கல்யாணம் முடிந்த பிறகு பேசுவோம், அண்ணா. இப்போது வாருங்கள்.

உங்கள் தங்கை
போஜம்மா


நெல்லமக்கி
2 அக்டோபர் 1964

போஜம்மாவுக்கு,

கல்யாணம் முடிந்த பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது? காரியம் ஆகிவிட்டால் என்னை யார் தேடப்போகிறார்கள்? நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. வெடிமருந்து டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு ஒழுங்காக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெள்ளியப்பா, "எதுக்குடா சண்டை? தலையப் பிளந்து பாத்துடுவோம். எவன் குண்டு இருக்கோ அவன் தூக்கிட்டுப் போகட்டும்" என்றார். வேண்டாம் என்றவன் நான். "துப்பாக்கியத் தொட்டுச் சொல்லிட்டேன். அதுக்கு மேல சாட்சி எதுக்கு? என் வார்த்தை என்ன, கசாப்புக் கடைச் சாமானா, வெட்டிப் பாக்கறதுக்கு?" என்று கேட்டேன். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா முதல்ல வாலைத் தொட்டவனுக்குத் தலை. போங்கடா" என்று சொல்லிவிட்டார். வாலைத் தொட்டது உன் புருஷன். இளவயசு, ஓடிப்போய்த் தொட்டான்.

பிளக்க விட்டிருக்கலாம் என்று நீயும் நினைப்பாய். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே என் முடிவு இது. தாடை இறங்கி அவன் வாய் சொன்னால் வருவேன். இல்லையென்றால் உன் மகன் கல்யாணத்தில் மூன்று வாழையும் தலையோடு நிற்கட்டும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். என் இடத்தில் வேறு எவனாவது கத்தியைத் தூக்கினால் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பகை. இருபத்தாறு வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன். தேடி வந்த சமயத்தை விட மாட்டேன்.

மேதப்பா


தோரங்காலா
15 அக்டோபர் 1964

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு துணியில் முடிந்து ஒரு பொருள் அனுப்பியிருக்கிறேன். முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் குண்டுதான். ஈயம் ஊற்ற நீங்கள் மாக்கல்லில் தோண்டிய அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாது, குண்டின் இடுப்பில் ஒரு வரம்பு விழும். அதைக் கல்லில் தேய்த்து எடுப்பது நம் வீட்டில் என் வேலை. எனக்குக் கல்யாணமான பிறகு உங்களுக்குத் தேய்த்துத் தர ஆள் இல்லை. இதில் வரம்பு அப்படியே இருக்கிறது. தடவிப் பாருங்கள்.

அன்று இவர் தலையைக் கொண்டுவந்து போட்டார். மயிரைப் பொசுக்கி, சுரண்டி, கொப்பரையில் வேகவைத்தேன். தாடையைக் கழற்றி வைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டிய கறியை வழிக்கும்போது கையில் கெட்டியாக ஏதோ தட்டியது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் அப்போது எங்கள் முற்றத்தில்தான் நின்று கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் நாலு எட்டு வைத்து வெளியே வந்திருந்தால் போதும். கையை மூடிக்கொண்டேன். கறியில் கச்சம்புளி ஊற்றி இறக்கினேன். இவருக்கு இன்றுவரை தெரியாது.

புருஷனுக்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள்.

கெம்பியை நினைவிருக்கிறதா? இருக்காது. எனக்குப் பதினாலு வயது. அப்பா இறந்த வருஷம், எனக்குக் கல்யாணமாவதற்கு ஆறு வருஷம் முன்னால். கண் திறக்காத குட்டியாக எடுத்துவந்து கஞ்சித் தண்ணீர் விட்டு நான் வளர்த்த செந்நிற நாய். "பொட்ட நாய் காட்டுக்கு ஆகாது" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் மற்ற நாய்களுக்கெல்லாம் முன்னால் ஓடியது. ஒரு நாள் என்னைக் கேட்காமல் அதை அவிழ்த்துக்கொண்டு வேட்டைக்குப் போனீர்கள். தோளில் கறியோடு திரும்பி வந்தீர்கள்.

"கெம்பி எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"பன்னி வயித்தக் கிழிச்சிடுச்சு. ஓடைப் பாறை கிட்டக் கிடக்குது."

"உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தூக்கிட்டு வந்திருக்கலாமே?"

"கறியத் தூக்கவே ஆள் பத்தல. நாயத் தூக்கணுமா?"

"ஒரு குண்டாவது போட்டிருக்கலாமே அண்ணா."

"சாகப்போற நாய்க்கு மருந்தை வீணாக்கச் சொல்றியா? போ, போய் உலையை வை."

வைத்தேன். அன்று நம் வீட்டுக்கு இரண்டு பங்கு வந்தது, உங்கள் பங்கும் கெம்பியின் பங்கும். இரண்டையும் ஒரே சட்டியில் போடச் சொன்னீர்கள். நான் மிளகு அரைத்தேன், தாளித்தேன், அரிசி நொய்யில் கடம்புட்டு உருண்டை பிடித்தேன், பரிமாறினேன். "காரம் பத்தல" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டீர்கள். அன்றிலிருந்து காட்டுக்கறி எத்தனையோ சமைத்திருக்கிறேன், வாயில் வைத்ததில்லை. இந்த வீட்டில் எனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு குண்டு. கெம்பிக்கு நீங்கள் கொடுக்காத குண்டு. அதை இருபத்தாறு வருஷம் மிளகு டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். நீங்கள் எங்கள் படி மிதிக்காத ஒவ்வொரு விசேஷத்திலும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

இப்போது உங்களிடமே வந்துவிட்டது. கல்யாணப் பந்தலில் எல்லோருக்கும் காட்டுங்கள். இவர் தலை குனியட்டும். ஆனால் "உன் தங்கச்சி இத ஏன் ஒளிச்சு வச்சா?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

போஜம்மா


நெல்லமக்கி
23 நவம்பர் 1964

போஜம்மாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உனக்கு எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

குண்டை அச்சில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. அன்று இரண்டு பேரிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கூடப் பிறந்தவள் என் வாயில் மண் போட்டுவிட்டாய். நான் தலை நிமிர்ந்து நடந்திருக்க வேண்டிய வருஷங்கள் அவை. உன்னை நான் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் கரிமொட்டெக்கு வேட்டைக்குப் போனோம். பதினொரு ஆள், ஏழு நாய். சுட்டது நானல்ல, கண் மங்கிவிட்டது. பங்கு பிரிக்கிற வேலை எனக்கு. இலை போட்டேன். ஆள் பங்கு பதினொன்று வைத்தேன். நாய்ப் பங்கு எட்டு வைத்தேன்.

பெள்ளியப்பா எண்பது வயதிலும் பங்கு பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் கழுகு மாதிரி. "மேதப்பா, எண்ணத் தெரியலயாடா? ஏழு நாய்தான் போச்சு" என்றார்.

"எட்டாவது கெம்பிக்கு" என்றேன்.

"எந்தக் கெம்பி? உன் வீட்டுல நாயே கிடையாதே!"

சொன்னேன். முழுவதும் சொன்னேன், ஓடைப் பாறை, மருந்தை வீணாக்க மாட்டேன் என்றது, ஒரே சட்டியில் போடச் சொன்னது எல்லாம். சின்னப் பயல்கள் சிரித்தார்கள். "முப்பத்துநாலு வருசம் ஊறப்போட்ட கறியா மாமா இது?" என்றான் ஒருவன். பெள்ளியப்பா சிரிக்கவில்லை. "அன்னைக்கு அந்த நாயோட பங்க எடுத்துக் கொடுத்தது நான்தான்டா. வீட்டுக்காரிக்குப் போய்ச் சேந்துடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

அவ்வளவு நேரமும் அந்த ஈயக் குண்டு என் மடியில் இருந்தது. பெரியவரின் காலடியில் போட்டிருக்கலாம். கை அதன் மேல்தான் இருந்தது. போடவில்லை. ஏன் என்று கேட்காதே.

நான் செய்தது ▬▬▬▬▬▬▬ இந்த இடத்தில் ஒரு வரி எழுதி நான்கு முறை அடித்துவிட்டேன். அடித்ததை நீயே படித்துக்கொள்.

எட்டாவது பங்கை அடுப்புக்கு மேலே கட்டிப் புகை போட்டு உலர்த்தி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நாயின் சொந்தக்காரி நீ. வாங்கிக்கொள்.

மேதப்பா


தோரங்காலா
2 டிசம்பர் 1964

அண்ணாவுக்கு,

பொட்டலம் கெடாமல் வந்து சேர்ந்தது. தொடைக்கறியில் நல்ல இடமாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். பிரித்து அடுக்களையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகைக்கூட வறுத்துவிட்டேன். பிறகு அடுப்பை அணைத்தேன்.

நாய் இருந்தால்தான் நாய்ப் பங்கை வீட்டார் சாப்பிடலாம். நான் சாப்பிட்டால் அன்று நீங்கள் செய்ததையே நானும் செய்ததாகிவிடும்.

அதே கண்டக்டரிடம் திருப்பி அனுப்புகிறேன். கெம்பி எந்த ஓடையில், எந்தப் பாறையில் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று கேட்டேன், "உனக்கெதுக்கு?" என்றீர்கள். அந்த இடம் அதை விட்டுவிட்டு வந்த உங்களுக்குத்தான் தெரியும். கொண்டுபோய் அங்கே வையுங்கள். ஆளை அனுப்பக்கூடாது, நீங்களே ஏறிப் போக வேண்டும். வைத்துவிட்டு வாருங்கள்.

தாடையை இறக்க மாட்டேன். இவரிடம் எதுவும் சொல்லவும் மாட்டேன். வாழைக்குக் குழி தோண்டியாகிவிட்டது. உங்களைத் தவிர யாரையும் கத்தி எடுக்கச் சொல்லவில்லை.

போஜம்மா


(அஞ்சலட்டை)

நெல்லமக்கி
9 டிசம்பர் 1964

போஜம்மாவுக்கு,

போனேன். ஓடை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. பாறை அங்கேயேதான் இருக்கிறது. வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குண்டைத் திருப்பிக் கேட்காதே, தர மாட்டேன். 13-ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன். என் ஒடிக்கத்தியை நானே கொண்டுவருவேன், உன் புருஷனுடையது வேண்டாம். இறங்கும்போது வழுக்கி முழங்கால் வீங்கிவிட்டது. வாழையைச் சற்று உயரமாக நடச் சொல். என்னால் குனிய முடியாது.

மேதப்பா