வீதி நடுவே இருந்த எல்லை

என் அப்பா,

இரண்டு நகர கவுன்சில்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அவற்றைப் பிரித்து நம் வீதி நடுவே போன எல்லை இப்போது இல்லை. நீங்கள் காத்திருந்த செய்தி. நீங்கள் கண்மூடிய பிறகு வந்தது.

மழைநீர் வடிகால் அடைபட்டபடியே கிடக்கிறது. பெய்கிற தண்ணீரெல்லாம் வாசலால் இறங்கி அம்மாவின் அறைக்குக் கீழே தேங்குகிறது. சுவரில் பூஞ்சணம். அம்மாவுக்கு மூச்சிழுப்புக் கூடிவிட்டது.

வடிகால் வாய் அந்தப் பக்கம் என்றது நம் கவுன்சில். தண்ணீர் தேங்குவது உங்கள் பக்கம் என்றது மற்றது. நீங்கள் டை கட்டிக்கொண்டு இரண்டுக்கும் போவீர்கள். துணைக்கு நான். நம் கவுன்சிலின் கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்றார். வெளியே வந்து நீங்கள் சிரித்தீர்கள்.

"பிள்ளை, யாழ்ப்பாணத்தில கிளாக்கரா கவுண்டருக்கு அங்கால இருந்து நானும் இதைத்தான் சொன்னனான். பாப்பம் எண்டு."

"அப்ப சண்டை பிடியுங்கோவன்."

"அவன் என்ன செய்வான், பாவம். மேல உள்ளவை சொன்னாத்தானே."

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்றுத் தனியாகப் போனேன். அதே மனிதர். சட்டையில் புதிய கவுன்சிலின் பெயர். டை கட்டியவர் வரவில்லையா என்று கேட்டார். நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். அவர் நம் பழைய கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு, வடிகால் வேலையை இனி எந்தப் பிரிவு பார்க்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை என்றார். டிசம்பரில் நத்தார் முடிந்த பிறகு தனக்கே வேலை இருக்குமா என்பதும் தெரியாதாம்.

சண்டை பிடிக்கத்தான் போயிருந்தேன். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா பெட்டி அடுக்குகிறார். "கவுன்சில் வருமட்டும் என்ர நெஞ்சு பொறுக்காது, பிள்ளை. நான் கிளென் ஈடனுக்கு என்ர தம்பி வீட்ட போறன்." உங்கள் படத்தையும் சேலைக்குள் சுற்றி வைத்துவிட்டார். சனிக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் நான் மட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் உங்கள் கவுண்டரில் வந்து நின்றவர்களின் வீட்டில் தண்ணீர் வடிந்ததா, அப்பா? அவர்கள் எத்தனை மழை பார்த்தார்கள்?

திங்கட்கிழமை மறுபடியும் போவேன். கவுண்டரில் அந்த மனிதர் இல்லாவிட்டால், அவருடைய இடத்தில் இருப்பவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்குவேன். அம்மா திரும்பிவந்து படுக்க அந்த அறை காய வேண்டும். கவுண்டருக்கு அங்கால் இருப்பவரைப் பாவம் என்று நானும் நினைப்பேன். நினைத்துக்கொண்டே, அங்கிருந்து நகராமல் நிற்பேன்.

துணைக்கு வந்து நின்ற,
உங்கள் மகள்