இரண்டு எம்பிக்குள் கீழ்வயல்

செப்டெம்பர் 2, செவ்வாய்

கச்சான் காற்று. அலுவலக யன்னலைத் திறந்தால் தெருப் புழுதி, மூடினால் வேர்வை. திறந்தே வைத்தேன்.

கட்டைபறிச்சான் கீழ்வயல் நிலப்படம் முடிந்தது. மூன்று கிழமை வேலை. தரையில் ஒரு மீற்றருக்குப் படத்தில் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். 1 தண்ணீர், 2 கண்டல் காடு, 3 சுடலை, 4 வீடு, 5 வயல். இது என்ன ஒழுங்கு என்று பர்ஸானா கேட்டாள் (பக்கத்து மேசை, வாய் ஓயாது). களப்புக் கரையிலிருந்து நடந்தபோது எது முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு முதல் எண். வேறு ஒரு தத்துவமும் இல்லை.

களப்பின் உப்புத் தண்ணீர் கீழ்வயலுக்குள் ஏறுகிறது. ஒரு மண் அணை கேட்டு ஊர்ச்சனம் மூன்று தரம் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொழும்பில் அணைகளுக்குக் காசு ஒதுக்கும் கூட்டம். படத்தைப் பார்த்து ஓம் என்றால் மாரிக்கு முதல் அணை வரும், விதைக்கலாம். இல்லையென்றால் இந்தப் போகமும் தரிசு.

படம் 96 எம்பி. அனுப்பும் தளம் 2 எம்பிக்கு மேல் வாங்காது. "நாளைக்குச் சுருக்கித் தாங்கோ மிஸ்" என்றார் எங்கள் மேலதிகாரி சேர். என் மகனை விட இரண்டு வயதுதான் மூப்பு. நல்ல பிள்ளை. மவுஸ் இல்லாவிட்டால் கை கால் ஓடாது.

செப்டெம்பர் 3, புதன்

சுருக்கியாச்சு! கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. நூறு கட்டத்தை ஒன்றாக்கு, சராசரி எடு என்று கட்டளை. அதற்குச் சொல் -r average. பதினொரு செக்கன். 96 எம்பி ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. போன மாதம் சேர் இதையே மவுசால் செய்யப் போய்க் கணினி அப்படியே உறைந்து நின்றது.

படவரை மேசையில் இருபது வருடம் குனிந்த முதுகு இது. ஐம்பத்திரண்டு வயதில் கறுப்புத் திரை பழகினேன். தலைக்கனம் கொஞ்சம் இருக்கிறதுதான். இருக்கட்டும்.

சேர் பார்த்தார், ஓம் என்றார். 3.40க்கு அனுப்பினோம்.

வாங்க: தேசிக்காய், சம்பா 5 கிலோ, இவருக்குச் சேவ் பிளேட், குசினிக்கு பல்ப்.

இவர் சூரை மீன் வாங்கி வந்து தானே சமைத்தார். உப்புக் கூடிப்போச்சு. சொல்லவில்லை. இன்று யாரையும் குறை சொல்லும் மனம் இல்லை.

செப்டெம்பர் 4, வியாழன்

பெருமை தாங்காமல் காலையில் சின்னப் படத்தை யோகராணிக்கு வட்ஸ்அப்பில் போட்டேன். கட்டைபறிச்சான் விவசாயச் சங்கச் செயலாளர். கீழ்வயலில் மூன்று ஏக்கர் அவளுடையது. படத்துக்காக வெயிலில் என்னோடு நடந்தவளும் அவள்தான்.

9.15க்குப் போன்.

"அக்கா, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? வாய்க்கால் ஓரமெல்லாம் ஊதாவாக் கிடக்கு. ஊதா எண்டா சுடலையெண்டு நீங்கள்தானே கீழ எழுதியிருக்கிறியள்?"

"எங்க யோகா?"

"எங்கட வயலுக்குள்ளதான்! இவ்வளவு சுடலைக்கும் சாகிறதுக்கு எங்கட ஊரில சனம் காணாது."

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு திரையில் பெருப்பித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தண்ணீர் 1. வயல் 5. கூட்டினால் 6, பாதி 3. மூன்று என்றால் சுடலை. வயல் கொஞ்சம் கூடினால் 4, அது வீடு. தண்ணீர் கூடினால் 2, கண்டல். கீழ்வயலில் எங்கே திரும்பினாலும் வாய்க்கால்தான். ஆகவே எங்கே பார்த்தாலும் சுடலை. யோகராணியின் மூன்று ஏக்கரில் வயல் என்று மிஞ்சியது இரண்டு துண்டு.

எண் என்று போட்டேனே தவிர, அவை எல்லாம் பெயர்கள். பெயருக்கு ஏது சராசரி? என்னையும் பர்ஸானாவையும் கூட்டிப் பாதியாக்கினால் சேர் வருவாரா? இருபத்தைந்து வருட அனுபவமாம். மண்ணாங்கட்டி. கோப்பின் பாரத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை.

சுடலைக்கு யார் அணை கட்டித் தருவார்கள்?

திரும்ப ஓட்டினேன். இந்த முறை -r mode. நூறு கட்டத்தில் எந்த எண் அதிகமோ அதையே எடுக்கும், கூட்டல் கழித்தல் இல்லை. ஊதா ஒரே இடத்தில், உண்மையான சுடலையில் மட்டும். ஒடுங்கிய வாய்க்கால்கள் சில மறைந்துவிட்டன. யோகராணிக்குப் போட்டுவிட்டு அதையும் சொன்னேன்.

"அது பரவாயில்லை அக்கா. வாய்க்கால் எங்கயெண்டு தண்ணிக்குத் தெரியும்."

தளம் மூடிவிட்டது. மாற்ற ஏலாது. சேரிடம் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாத்து ஓம் எண்டது நான்தானே மிஸ். பிழை ஆளுக்குப் பாதி. முதல்ல கதிரையில இருங்கோ."

கொழும்புக்கு அவரே கதைத்தார். புதுப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். 'பாப்பம்' என்றார்களாம்.

செப்டெம்பர் 5, வெள்ளி

10 மணிக்குக் கூட்டம், திரையில். நீலச் சேலை கட்டினேன். ஏன் என்று தெரியாது.

எங்கள் முறை வந்தது. பழைய படம்தான் விரிந்தது! கொழும்பில் ஒரு பெரிய அம்மா, கண்ணாடி, கண்டிப்பான முகம். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டா. சேர் என் பக்கம் குனிந்து, "இந்த ஊரில ஏன் இத்தனை சுடலை எண்டு கேக்கிறா."

எழும்பினேன். தமிழ், உடைந்த சிங்களம், அதைவிட உடைந்த ஆங்கிலம். ஒன்றும் ஐந்தும் ஆறு, ஆறில் பாதி மூன்று என்று விரலில் காட்டினேன். பிழை என்னுடையது, வயல் அவர்களுடையது என்றேன்.

பிறகு அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சிரித்தா. கொழும்பு முழுக்கச் சிரித்தது. புதுப் படத்தைப் போடச் சொன்னா. கிட்டக் குனிந்து நெடுநேரம் பார்த்தா. உப்பு எதுவரை ஏறுகிறது என்று கேட்டா. காட்டினேன். அறிவிக்கிறோம் என்றார்கள், அவ்வளவுதான்.

சோறு இறங்கவில்லை. பர்ஸானா கொண்டுவந்த வட்டிலப்பம் இறங்கியது. இரண்டு துண்டு.

செப்டெம்பர் 7, ஞாயிறு

ஒன்றுமில்லை. அலுமாரி அடுக்கினேன். போனைப் பார்த்தேன். திரும்ப அடுக்கினேன்.

இவர்: "அந்தப் போனைப் பாத்தா மட்டும் அணை வந்திடுமோ?"

செப்டெம்பர் 10, புதன்

வந்துவிட்டது!! கடிதம். முதல் பட்டியலிலேயே கீழ்வயல். சேர் அறைக் கதவைத் திறந்து வாசித்தார். பர்ஸானா என்னைக் கட்டிப் பிடித்ததில் தேத்தண்ணி கீபோர்டில். போகட்டும்.

யோகராணிக்குப் போன் எடுத்தேன். "ஓமோ? ஓமோ அக்கா?" என்று கத்தினாள். பிறகு அந்தப் பக்கம் வேறு யார் யாரோ கத்தினார்கள். என் கண் நிறைந்துவிட்டது. சந்தோசம், சந்தோசம், சந்தோசம். வேறு எழுதத் தெரியவில்லை.

செப்டெம்பர் 22, திங்கள்

கட்டைபறிச்சான். அணை வரும் வழிக்கு முளை அடிக்கும் நாள். வெயில், காற்று, பஸ்ஸில் நின்றே பயணம். களப்போரம் முப்பது பேருக்குக் குறையாது.

முதல் முளையை நான்தான் அடிக்க வேண்டுமாம். அடித்தேன். சரிந்து நின்றது. யோகராணி சுத்தியலை வாங்கிக்கொண்டு, முளையைக் காலால் உதைத்து நிமிர்த்தினாள்.

"இனி விதைநெல் எடுக்கலாம் யோகா" என்றேன்.

"அது எப்பவோ எடுத்திட்டன். மூண்டு ஏக்கருக்கும்."

"கடிதம் வந்த அண்டைக்கோ?"

"இல்லை அக்கா. நீங்கள் படத்தைத் திருத்திப் போட்டீங்களே, அண்டைக்குப் பின்னேரம்."

அன்று வியாழன். கூட்டம்கூட நடக்கவில்லை. சுத்தியலை அவள் கையிலிருந்து வாங்கி அடுத்த முளையையும் அடித்தேன்.