மன்னார்புரத்தில் இறங்கிப் போனவனுக்கு

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கலையரசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் அக்கா யமுனா தினமும் போனில் சொல்லிவிடுகிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயாம், பகலெல்லாம் தூங்குகிறாயாம், பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதாம். சந்தோஷம். இந்த விஷயத்தையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் அது மேஜை மேல்தான் கிடக்கும்.

இங்கே மாடித் தொட்டி கசிகிறது. குழாய்க்காரர் நாளை நாளை என்று ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், பார்க்க ஊரே பாலத்தில் நிற்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அந்த முழங்காலோடுதான் உனக்காக இரண்டு இடத்துக்குப் போய் வந்தேன்.

நீ போனில் கேட்டதை நான் மறக்கவில்லை. "வரிசையா அஞ்சு மேட்ச் தோத்தாச்சும்மா. பொண்ணுங்களுக்கு இன்னும் என் மேல நம்பிக்கை இருக்கான்னு நீயே போய்க் கேட்டுச் சொல்லு. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க" என்றாய். உங்கள் கால்பந்து கிளப் தலைவர் முருகானந்தமும் அதையேதான் சொன்னார். "சனிக்கிழமை கமிட்டி கூடுதுங்கம்மா. பொண்ணுங்க கலைதான் வேணும்னு சொன்னா அவரே கோச்சா இருக்கட்டும். இல்லாட்டி மதுரைக்காரர் ஒருத்தர் தயாரா இருக்காரு" என்றார். ஆக, உன் வேலை அந்தப் பெண்களின் ஒரு வார்த்தையில் நிற்கிறது.

கான்வென்டில் எங்களுக்கு முதல் வரியில் விடை, பிறகுதான் காரணம் என்று பழக்கியிருந்தார்கள். இன்று எனக்கு அந்த வரிசை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவெறும்பூர் மைதானத்துக்குப் போனேன். நீ இல்லாமலே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கேப்டன் மணிமேகலைதான் விசில் ஊதினாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, சுற்றி நின்றார்கள். வந்த காரணத்தைச் சொன்னேன். "சார் ரொம்ப நல்லவருங்கம்மா" என்றாள் மணிமேகலை. "சார் மாதிரி யாருங்கம்மா சொல்லித் தருவா" என்றாள் இன்னொருத்தி. பாக்கியமேரிகூட, "சார் நல்லவருங்கம்மா" என்றாள். கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. போன வருஷம் நம் வீட்டுக் கூடத்தில், நீ பக்கத்தில் இருக்கும்போதே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தை உன்னைப்போல் மூன்று தரம் சொல்லிக் காட்டியவள் அவள். உனக்கு 'ரீப்ளே' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நான் முறைத்தேன், நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். நானும் பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவள். ஒரு வாத்தியாருக்குப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்யும்வரை அவருக்கு வகுப்பில் இடம் உண்டு. எல்லோரும் சேர்ந்து மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டால், அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிடலாம்.

தோல்வியைப் பற்றிக் கேட்டேன். அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. "தோக்கறதுக்கு சார் என்னம்மா பண்ணுவாரு? கோல விட்டது நாங்கதானே" என்று சிரித்தாள் மணிமேகலை. அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் ராசாத்தி இல்லையென்று கவனித்தேன். உடம்பு சரியில்லையா என்றேன். எல்லோரும் குனிந்து பூட்ஸைப் பார்த்தார்கள். "அவ இனிமே வர மாட்டாங்கம்மா. அவங்கப்பா நிறுத்திட்டாரு" என்றாள் ஒருத்தி. ஏன் என்று கேட்டதற்கு, "வேணாம், விடுங்கம்மா" என்றாள் மணிமேகலை.

பாக்கியமேரியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "சார் உங்ககிட்ட சொல்லலியா? புதுக்கோட்டையில தோத்துட்டு வர்றப்ப, ஊருக்குள்ள நுழைஞ்சதுமே மன்னார்புரத்துல வேன நிறுத்தச் சொன்னாரு. டீ குடிக்கப் போறாருன்னு நெனச்சோம். பைய எடுத்துக்கிட்டு இறங்கினாரு, திரும்பிக்கூடப் பாக்கல. நாங்க அங்கயே காத்துக் கெடந்தோம். போன் பண்ணினா சுவிட்ச் ஆஃப். பந்து போனா போகட்டும், உன் எடத்த விட்டுப் போகாத, எடத்த விட்டுப் போகாதன்னு உயிர வாங்குவாரே, அது எங்களுக்கு மட்டுந்தானாம்மா?" என்றாள். மணிமேகலை அவள் கையைக் கிள்ளியதைப் பார்த்தேன்.

இதை நீ என்னிடம் சொல்லவில்லை, கலை. நீ ஆட்டம் முடிந்து, பெண்களை வீட்டில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு பெங்களூர் பஸ் ஏறினாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்தக் குழுவை நீ எப்படிச் சேர்த்தாய்? வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாய். பெண் அரை டிராயர் போட்டுப் பந்து விளையாடுவதைக்கூட அந்தத் தகப்பன்கள் பொறுத்துக்கொண்டார்கள். இருட்டின பிறகு எப்படி வீடு வந்து சேருவாள் என்பதுதான் எல்லோரும் கேட்டது. "கடைசிப் பொண்ணு வாசப்படி ஏறினப்புறம்தாங்க நான் என் வீட்டுக்குப் போவேன்" என்று நீ சொன்னாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெண்களை அனுப்பினார்கள். உன் கால்பந்து ஞானத்தை நம்பி யாரும் அனுப்பவில்லை. ஜெயித்த அன்றும் தோற்ற அன்றும் நீ அதைத் தவறவிட்டதில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ராசாத்தி வீடுதான் கடைசி. நேற்று ஆட்டோ பிடித்து, முக்கொம்பையும் தாண்டிப் போனேன். வாய்க்கால் கரையில் வேன் திரும்ப இடமில்லை என்று டிரைவர் அவளை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டிருக்கிறான். வழக்கமாக அங்கே நீயும் இறங்கி அவளோடு நடந்து போய் விட்டு வருவாயாம். அன்றைக்கு அந்தப் பெண் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருட்டில் தனியாக நடந்திருக்கிறாள். நாய் துரத்தி ஓடியிருக்கிறாள். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாள். அதில் உன் பங்கு ஒன்றுமில்லை.

அவள் தகப்பனார் பிச்சை என் முன்னாலேயே உன்னைத் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "வாங்கம்மா, உக்காருங்க. சார் எப்படி இருக்காரு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சௌக்கியம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. "அவருக்கு என்ன அவசரமோ, நமக்கென்னங்க தெரியும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. பொண்ணு மட்டும் இனிமே வராதுங்கம்மா" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். "ஐயோ, நீங்க எதுக்கும்மா, பெரியவங்க" என்று எழுந்தே விட்டார். உன் அப்பா போன பிறகும் யார் வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நிற்காதவள் நான். ராசாத்தி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. புறப்படும்போது அந்த மனிதர் ஒரு சீப்பு பூவன்பழத்தை ஆட்டோவில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? சமையலறையில் இருக்கிறது. ஒன்றைக்கூட உரிக்க மனம் வரவில்லை.

உன் கேள்விக்கு விடை, இல்லை என்பதுதான்.

இன்று காலை முருகானந்தம் மறுபடி கூப்பிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்க பேச்ச பொண்ணுங்க தட்டாது. கமிட்டியில நம்பிக்கை இருக்குன்னு சொல்லிடும்" என்றார். உண்மை. நான் கேட்டுக்கொண்டால் சொல்வார்கள், அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. கேட்க மாட்டேன் என்றேன். "பெத்த புள்ளைங்கம்மா" என்றார். "அதனாலதாங்க" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் புறப்பட்டு வா. கமிட்டிக்கும் மைதானத்துக்கும் போகுமுன் பிச்சை வீட்டுக்குப் போ. பழம், ஸ்வீட் என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. என்னையும் கூப்பிடாதே. மெயின் ரோட்டில் இறங்கி நடந்து போ. மன்னார்புரத்தில் ஏன் இறங்கினாய் என்பதை, உனக்கே தெரிந்தால், அவரிடம் சொல். பெண்ணை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. அவர் உட்காரச் சொல்வார், நீ நின்றுகொண்டே சொல். அதற்குப் பிறகு சனிக்கிழமை அவர்கள் உன்னை வைத்துக்கொள்ளட்டும், அனுப்பட்டும், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெண்களுக்கு உன் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுவரச் சொன்னாயே, எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய் வரும்வரை கேட்காதே, கண்ணா.

ரங்கநாதர் உனக்குத் துணையிருக்கட்டும். பகல் வண்டியில் வா.

உன் அம்மா,
அனுசுயா நல்லுசாமி