கரைந்து முடிவதற்குள் சோதிக்க வேண்டிய உப்பு

அனுப்புநர்:
வீ. சந்திரமோகன் (வயது 51),
பட்டுநூல் சாயத் தொழிலாளி,
சேவூர், ஆரணி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: என் மனைவி அபிதகுசாம்பாள் தீக்காயத்தால் இறந்தது – அறிக்கையில் தவறான காரணம் – மிச்சமுள்ள உப்பைச் சோதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக வேறு இரண்டு இடங்களில் மனு கொடுத்து ரசீது மட்டும் பெற்றுள்ளேன். இனி எழுதத் தெம்பில்லை. இதுவே கடைசி.

1. வீட்டின் பின்புறப் பட்டறையில் நானும் மனைவியும் இருபத்தாறு வருடங்களாகப் பட்டுநூலுக்குச் சாயம் போட்டு வந்தோம். கடந்த செப்டம்பரில், சாயப்பொடி விற்கும் வியாபாரி ஒருவர், நூலில் சாயம் பிடிக்கப் போடும் படிகாரத்துக்குப் பதிலாக ஐந்து கிலோ புது உப்பு கொடுத்தார். "படிகாரத்த வுட்டுடுங்க, இதுல ஜல்தியா சாயம் புடிக்கும்" என்றார். கற்கண்டு போல வெள்ளையாக இருந்தது. தண்ணீரில் போட்டதும் கரைந்தது. அரக்குச் சிவப்பு நன்றாகவே பிடித்தது. பையில் ஆங்கிலப் பெயரும், வட்டத்தின் மேல் தீ எரியும் படமும் இருந்தன. அந்தப் படத்தை நான் கம்பெனி முத்திரை என்று நினைத்தேன். முட்டாள் நான்.

2. பட்டுநூல் கற்றைகளான சிட்டங்களைப் பருத்திக் கட்டுநூலால் கட்டித்தான் அண்டாவில் முக்குவோம். வேலை முடிந்ததும் அந்தக் கட்டுநூலை அவிழ்த்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டு, மறுநாள் விறகு பற்றவைக்க வைத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். படிகாரத்தில் ஊறிய நூல் சோம்பலாகத்தான் எரியும். அதனால் மனைவி கை நிறைய எடுத்து வைப்பாள்.

3. அக்டோபர் 6 காலை, என் மனைவி அதேபோல் கை நிறைய எடுத்துத் தீக்குச்சி கிழித்தாள். புது உப்பில் ஊறிய நூல் அது; அன்றுதான் ஈரம் முழுதும் போய்க் காய்ந்திருந்தது. ஒரே மூச்சில் தீ முகத்துக்கு எழுந்து புடவையைப் பிடித்தது. நான் நாலடி தள்ளி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினேன். வேலூர் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்து இறந்தாள்.

4. அங்கே தீக்காயத்துக்கு ஒரு களிம்பு வாங்கிவரச் சொன்னார்கள். அதன் குழாயில் சில்வர் மருந்தோடு 'சீரியம் நைட்ரேட்' என்று அச்சிட்டிருந்தது. எங்கள் உப்புப் பையிலும் அதே பெயர்தான். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் எழிலரசி அம்மாவிடம் கேட்டேன். இது அரிய மண் உலோகத்தின் உப்பு, தானாக எரியாது, ஆனால் தான் ஊறிய நூலையும் காகிதத்தையும் மூர்க்கமாக எரியவைக்கும், பையிலிருந்த தீப் படம் அதற்கான எச்சரிக்கை என்று விளக்கினார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலை செய்யவும், தீப்புண் மருந்தில் கலக்கவும் இது பயன்படுமாம். அவளைச் சுட்ட உப்பையே அவள் புண்ணுக்கு என் கையால் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் ஐயா.

5. காவல் நிலைய விசாரணை அறிக்கையில், அவள் கவனக்குறைவாக அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியதாக எழுதியுள்ளார்கள். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. நினைவு இருந்தவரை நர்ஸிடம் அவள், "நூலுதாங்க பத்திக்கிச்சு, அவரு மேல தப்பில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதை எழுத ஆளில்லை.

6. மீதி இரண்டு கிலோ உப்பைச் சாட்சியாகக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றேன். இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையக்கூடியது. மழைக்காலம் வேறு. விசாரித்தவர் பையைத் தூக்கிப் பார்த்து, "வெறும் தண்ணிய எடுத்துகினு வந்து எதுக்குப் பேஜார் பண்றீங்க?" என்றார். இன்று பாதிக்கு மேல் தண்ணீராகிவிட்டது. டப்பாவில் போட்டு மெழுகு வைத்தும் நிற்கவில்லை.

எனவே, தாங்கள் தயவுசெய்து ஒருவரை அனுப்பி இதைச் சோதனைக்கு எடுக்கவும், அறிக்கையில் அவள்மேல் எழுதிய பழியை நீக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். அதே உப்பு எங்கள் தெருவில் இன்னும் பதினொரு பட்டறைகளில் இருக்கிறது. நான் போய்ச் சொன்னால், பெண்டாட்டி போன துக்கத்தில் பேசுகிறான் என்கிறார்கள். அவர்கள் கொடியிலும் நூல் காய்கிறது.

இடம்: சேவூர்
நாள்: 10.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீ. சந்திரமோகன்

இணைப்பு: இறப்புச் சான்று நகல், உப்புப் பையின் படம், களிம்புக் குழாய். புது உப்பில் ஊறிய கட்டுநூல் ஒரு பிடி மிச்சம் உள்ளது, அதை இணைக்கவில்லை. இந்த உறையைப் பிரிக்கப்போகிறவர் யாரென்றும், அவர் பக்கத்தில் தீ இருக்குமா என்றும் எனக்குத் தெரியாது.