அரை விரற்கடை

ஜூன் 3, செவ்வாய்
கடையில் ஜெராக்ஸ் மெஷின் மறுபடி மக்கர். அந்த எரிச்சலில் இருக்கும்போது எதிர்வீட்டு நாகம்மாள் வந்து நின்றாள்.
"ஏம்மா வெண்மதி, தரையில குந்திக்கினு பந்து அடிக்கிறதுக்கா ஏரோப்ளேன்ல இட்டுக்கினு போறாங்க?"
உட்கார்ந்தே ஆடும் வாலிபால், வலை தாழ்வாக இருக்கும், பந்தைத் தொடும்போது உடம்பு தரையை விட்டு எழும்பக் கூடாது, நான் இந்தியா டீம் என்று பொறுமையாகச் சொன்னேன்.
"ஓ, நொண்டிங்களுக்குத் தனியாவா?"
ஆமாம், தனியாகத்தான். போய்த் தொலை.

ஜூன் 9
இந்தியா சட்டை வந்துவிட்டது. டீமில் எட்டே பேர், அதில் ஒருத்தி இந்தச் செஞ்சிக்காரி. முதுகில் என் பெயர். நைனா நெல் கமிட்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர், கையைக் கழுவிய பிறகுதான் அதைத் தொட்டார்.

என் இடது கால் நேரானால் வெள்ளிக்கால் போடுவதாக மேல்மலையனூர் அங்காளம்மனிடம் அம்மா வேண்டிக்கொண்டது நான் பிறந்த வருஷம். "இப்ப போய் நேராக்கிடப் போறா, டீம்லருந்து தூக்கிடுவாங்க" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜூன் 17, தாய்லாந்து
ஊனம் விதிப்படி இருக்கிறதா என்று நாளை எல்லோரையும் அளந்து பார்ப்பார்கள். பயந்தேன். கோச் ஜெயராமன் சார் சிரித்தார். "நாப்பத்தஞ்சு பர்சன்ட்டு ஊனம்னு கவர்மென்ட்டு சர்ட்டிபிகேட் இருக்குது. இன்னா டென்ஷன் உனக்கு?" அதுவும் சரிதான். பஸ் பாஸிலிருந்து இந்தியா டீம் வரை அந்தக் காகிதம்தானே கொண்டுவந்து விட்டது.

ஜூன் 18
படுக்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டேப் வைத்தார்கள். திரும்பத் திரும்ப வைத்தார்கள். இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் போதவில்லையாம். அரை விரற்கடை குறைகிறது. சர்ட்டிபிகேட்டை நீட்டினேன். அளந்த அம்மா மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இங்கே பர்சன்ட் கணக்கு இல்லையாம். சார் கேட்டதால் வேறு இரண்டு பேர் வந்து அளந்தார்கள். அதே அளவு. ஆட முடியாது.

இந்த விதி முன்னாடியே இருந்திருக்கிறது. வாலிபால் சங்கத்தில் ஒருத்தராவது படித்தார்களா? ஊரிலேயே ஒரு டேப்பை வைத்துப் பார்க்க யாருக்கும் தோணலையா? எனக்கே தோணலையே.

நொண்டி நொண்டின்னு கூப்ட்டானுங்களே, அத்தனை பேரும் இங்க வந்து சொல்லுங்கடா இப்ப. இந்தக் காலு இன்னும் கொஞ்சம் குட்டையா பொறந்திருந்தா இன்னா — சீ, என்ன எழுதுகிறேன்.

ஜூன் 20
தோற்றோம். நான் தண்ணீர் பாட்டில் தூக்கினேன்.

ஜூன் 25
செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அம்மா மாலையோடு நிற்கிறாள். போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் புரிந்துகொண்டது வேறு. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "பாரின் டாக்டருங்க அளந்து பாத்துட்டு எம்பொண்ணுக்கு ஊனமே இல்லன்னுட்டாங்க. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!"
மாலையைப் பிடுங்கி எறிந்தேன். நடு பஸ் ஸ்டாண்டில் கத்தினேன். பார்க்காதவர்கள் பாக்கி இல்லை.

ஜூலை 24, ஆடி அமாவாசை
வேண்டுதலை முடிக்காவிட்டால் சாமி குத்தம், சாமி குத்தம் என்று அம்மா ஒரு மாதமாக அழுகை. தாங்க முடியாமல் மேல்மலையனூர் போனேன். வெள்ளித் தகட்டுக் கால் வாங்கி முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. வரிசையை ஒழுங்குபடுத்திய ஒருத்தர் என் நடையைப் பார்த்துவிட்டு, "யக்கா, ஊனமுற்றவங்க லைன் அந்தாண்ட இருக்குது" என்றார்.
நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து அந்த லைனுக்கு இழுத்துப் போனாள். கால் நேரானதற்குக் காணிக்கை போட!
சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31
சார் போன். என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். கலைச்செல்வி, பக்கத்து அனந்தபுரம். லாரி ஏறியதில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இங்கே செஞ்சி ஸ்கூல் ஹாலில் அவளுக்குப் பயிற்சி. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆட ஆள் வேண்டுமாம். "ப்ராக்டிசுக்கு யாரு வேணா உக்காரலாம்மா. நல்லா இருக்கறவங்க கூட."
நல்லா இருக்கிறவங்க. போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு
போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.
கலைச்செல்வி சின்னப் பெண். தோளில் பலம் இருக்கிறது, கை வேகம் போதாது. நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "யக்கா, நீங்க நார்மலாம்ல? அப்புறம் எதுக்கு உக்காந்து ஆடுறீங்க?"
சார் குனிந்து வலைக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.
"உன் சர்வீஸ் வலையத் தாண்ட மாட்டேங்குது, அதுக்குத்தான்" என்றேன்.
அடுத்த பந்தை அவள் மார்புக்கு நேராக, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன்.
தரையில் விழவிடாமல் எடுத்துவிட்டாள்.