பொலிவியாவில் ‘சீ’ என்றால்

இன்று காலை பனிக்காலப் பையைக் கிளறியபோது காது மூடும் அந்தக் கம்பளித் தொப்பி அகப்பட்டது. பொலிவியாவின் லா பாஸ் சந்தையில் நீ எனக்கு வாங்கித் தந்ததடி, சிநேகிதி. அல்பாக்கா என்ற அந்த மலைவிலங்கின் மயிர் வாசம் இன்னும் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டே நம் ஊர் மல்வேர்ன் நூலகத்துக்குப் போனேன். சுற்றுலாக் கம்பனியை நம்பாமல் தாங்களாகவே பொலிவியா போவது எப்படி என்று நம் பெண்கள் பதினைந்து பேருக்குச் சொல்ல வேண்டும். பேச வேண்டியவள் நீ. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிவிட்டதால் அது என் தலையில் விழுந்தது. அந்த இரண்டு வருடமும் நான் எங்கும் போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நம் பயணங்களில் வழி கேட்டது, பேரம் பேசியது எல்லாம் நீதானே. லா பாஸில் மட்டும் ஒரு நாள் மாறிப்போனது. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு மீற்றருக்கும் மேலே இருக்கிற ஊர், வந்த அன்றே ஏற்றத்தில் நடக்காதீர்கள் என்று விடுதிக்காரர் சொன்னார். நீ கேட்டால்தானே. நடந்து, தலையிடியோடு விழுந்து படுத்தாய். அந்தத் தலையிடிக்கு அங்கே குடிக்கிற கொக்கா இலைத் தேநீர் வாங்க நான் போத்தலோடு தனியே இறங்கினேன். கடைக்காரியிடம் “கொக்கா தே?” என்றேன். “சீ, சீ” என்றாள். வெறும் போத்தலோடு திரும்பி வந்து, மனுசி என்னை விரட்டிவிட்டாள் என்று அழாக்குறையாகச் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“எடி விசரி, அவையின்ரை ஸ்பானிஷிலை ஓம்தான் சீ. போய் வாங்கிக்கொண்டு வா.”

பாவம், அவள் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். திரும்பப் போய் வாங்கி வந்தேன். கனடாக் குடியுரிமை கிடைத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருக்கவில்லை.

இன்று இதைச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் வாய் திறந்துவிட்டது. முதல் நாள் சும்மா இருங்கள், மதியம் சந்தையில் சாப்பிடுங்கள், முதலில் வரும் சூப்பிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள், மலைக்கு மலை ஓடும் கேபிள் கார்தான் அங்கே நம் பஸ் மாதிரி, மே முதல் ஒக்டோபர் வரை மழை குறைவு என்று அடுக்கிக்கொண்டே போனேன். உப்புப் பாலைவனத்தை மட்டும் ஒரே வரியில் சொல்லி முடித்தேன். அதை அடுத்த முறைக்கென்று விட்டு வந்தோமே.

பின்வரிசை அன்ரி ஒருவர் கேட்டார், “நீங்கள் திரும்பப் போவீங்களோ, பிள்ளை?”

நீ இல்லாமல் எனக்கென்ன பயணம் என்றுதான் வீட்டில் சொல்லி வருகிறேன். அதுவே நாக்கு நுனிவரை வந்தது.

“ஓம், வாற மேயிலை. தனியத்தான் போறன்,” என்றேன்.

உன் துணிச்சலில் கொஞ்சம் என்னிடமும் ஒட்டியிருக்கிறது, நம்பு. வீட்டுக்கு வந்ததும் ரிக்கெட் போட உட்கார்ந்தேன். எத்தனை பேர் என்று கணினி கேட்டது. ஒருவர் என்று அமத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது. அமத்திவிட்டேனடி.